அண்ணியின் குரலில் ஒரு டாக்டர்

அத்தியாயம் ஒன்பது

சனிக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் அண்ணி அதிகம் பேசவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. பாத்திரம் எதுவும் சத்தம் போடவில்லை. கேட்டதற்குப் பதில் வந்தது. ஆனால் ஒரே வார்த்தையில் முடிந்துபோகிற பதில். "இருக்கு." "தெரியாது." "அப்புறம்."

சனிக்கிழமைதான் அண்ணியின் கொழுந்தன் சின்னவன் நடித்த தொடர் டி.வி.யில் ஆரம்பித்தது. நாற்பத்து நாலு வயதில் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம். அதுவரை டிரைவர், வார்டு பாய், கூட்டத்தில் கடைசிப் போலீஸ்காரர். "சார், உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு" என்பதுதான் அவன் கேமரா முன்னால் அதிகம் சொன்ன வாக்கியம். தொழிலில் அவனுக்கு 'ஒத்தை வசனம்' என்றே பெயர். அப்படிப்பட்டவனுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு டாக்டர் வேடம். பக்கம் பக்கமாக வசனம். நம் மொழியை வெளிநாட்டுக்காரர் பேசுகிற மாதிரி பேச வேண்டும்.

டாக்டர் வாயைத் திறந்ததும் அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"டேய்! அப்படியே உங்க அண்ணிடா!"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக். இளவயதில் வெளிநாட்டில் லிஃப்ட் மாட்டப் போனவர், திரும்பி வரும்போது மனைவியோடு வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணி இந்த மொழியில் கணக்குப் பார்க்கிறாள், கனவு காண்கிறாள், மகளைத் திட்டுகிறாள். ஆனாலும் வார்த்தையின் கடைசி எழுத்தை லேசாக இழுத்து, மெதுவாகக் கீழே இறக்கிவைப்பாள். சின்னக் குழந்தையைக்கூட 'நீங்க' என்பாள்.

அண்ணன் சிரித்த அந்த நிமிஷம் அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனாள். தொடர் முடிகிறவரை திரும்பி வரவில்லை.

இது செவ்வாய்க்கிழமை.

சின்னவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டான். "தொடரைப் பத்தி இன்னிக்கு என்ன எழுதியிருக்காங்க?"

அண்ணன் மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு.

"வேண்டாம் சித்தப்பா."

"படிடி. நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?"

வாலு படித்தாள். "'இந்த டாக்டர் எந்த நாடு? யாராவது கண்டுபிடிச்சு சொல்லுங்க.' அடுத்தது, 'வெளிநாட்டுக்காரர் மாதிரி இல்ல. பல்செட்டு கழண்ட நம்ம ஆளு மாதிரி இருக்கு.' இன்னொருத்தர், 'ஒவ்வொரு வரிக்கும் இவருக்கு ஏன் தொண்டை அடைக்குது? யாராவது தண்ணி குடுங்கப்பா.'"

"அவ்வளவுதானா?"

"'உலகத்துல எந்த வெளிநாட்டுக்காரனும் இப்படிப் பேச மாட்டான்.' இதுக்கு நிறைய பேர் கைதட்டியிருக்காங்க."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பையை எடுத்தாள். வழக்கமாகச் சொல்கிற "வரேன்" கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றான் சின்னவன்.

வாலு செல்போனைப் பைக்குள் போட்டாள். "உங்களுக்கு நிஜமாவே தெரியலையா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஒலிப்பதிவுக்கூடத்தில் இயக்குநர் அவனுக்காகக் காத்திருந்தான். சின்னவனைவிட வயதில் மிகச் சிறியவன். கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் கத்திவிட்டு வந்துவிடலாம்.

"உக்காருங்கண்ணே. டீ சொல்லவா?"

"விஷயத்தைச் சொல்லுப்பா."

"உங்க நடிப்புல குறை இல்ல. முகம் பிரமாதம். ஆனா உச்சரிப்பு எடுபடல. சேனல்காரங்க ஆள் கூட்டிவந்து போட்டுக் காட்டினாங்க. டாக்டர் வெளிநாட்டுக்காரர்னே பாதி பேருக்குப் புரியல. மீதி பேர் அவருக்குத் திக்குவாய்னு நினைச்சிருக்காங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால் ஒருவர் காதில் ஹெட்போனோடு நின்றிருந்தார். தொப்பையும் வெற்றிகரமான சிரிப்புமாக இருந்தார். விளம்பரங்களில் பூனைக்கும் புலிக்கும் குரல் கொடுக்கிறவர். எல்லோரும் அவரைக் குரல்காரர் என்பார்கள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா ஒரு தடவை பேசிப் பாக்கச் சொன்னேன்."

திரையில் சின்னவனின் முகம் வந்தது. டாக்டர், நோயாளியின் அம்மாவிடம் பேசும் காட்சி. அவன் வாய் அசைந்தது. குரல்காரரின் குரல் வந்தது.

"அம்மா, நீ கவலைப்படாதான். பையன் நாளைக்கு நல்லா ஆயிட்டாள். நான் சொல்றான்!"

ஒலிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ கொண்டுவந்த பெண் தட்டோடு நின்று சிரித்தாள். "ஐயோ, அசல் வெளிநாட்டுக்காரர் மாதிரியே இருக்கு!"

சின்னவன் எழுந்துவிட்டான். "எந்த நாட்டுலப்பா இப்படிப் பேசுறாங்க? இங்க இத்தனை வருஷமா இருக்கிற டாக்டருக்கு ஆம்பளை பொம்பளை வித்தியாசம் தெரியாதா? யாரும் இப்படிப் பேச மாட்டாங்க!"

"பேச மாட்டாங்கண்ணே. ஆனா கேக்கிறவங்க நம்புறாங்க. நீங்க பேசுறதை நம்பல."

"நான் பேசுறதுதான் நிஜம். சும்மா குத்துமதிப்பா பேசினதா நினைச்சியா? ரெண்டு மாசம் தினமும் உக்காந்து கேட்டுக் கேட்டு எடுத்தது. எங்க அண்ணிகிட்ட இருந்து."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணியிடமும்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "உங்க அண்ணி வெளிநாடா? இதை ஏன் முதல்லயே சொல்லல? அவங்களைக் கூட்டிட்டு வாங்க! கேமரா முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசட்டும். நீங்க பக்கத்துல நின்னு டாக்டர் மாதிரி பேசுங்க. ரெண்டையும் சேத்துப் போட்டா, 'அடடா, நிஜமாவே இப்படிப் பேசுறவங்க இருக்காங்க'ன்னு ஜனங்க வாயடைச்சுப் போயிடுவாங்க. அப்போ சேனல்கிட்ட நான் பேசுறேன்."

"அவங்க வரலைன்னா?"

இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். குரல்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்கண்ணே. நாளைக்கு நான் அடுத்த பகுதியை அனுப்பியாகணும்."

அண்ணி வேலை பார்ப்பது ஒரு பல் மருத்துவமனையில். வரவேற்பு மேஜை. போன் எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, பயந்து வருகிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அங்கே ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிற எல்லோருக்கும் வாய் கோணித்தான் இருக்கும். "பாத்தீங்களா, இப்போ நீங்களும் என்னை மாதிரி பேசுறீங்க" என்று அண்ணி சொல்வாள். மரத்துப்போன வாயோடு அவர்கள் சிரிக்க முயல்வார்கள். அந்த இடத்தில் அவளுடைய பேச்சு யாருக்கும் உறுத்தியதில்லை.

அன்று காலை முதல் அழைப்பு.

"வணக்கம், பல் மருத்துவமனை. சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெண் கிளுகிளுவென்று சிரித்தாள். "ஐயோ, அந்த டாக்டர் மாதிரியே பேசுறீங்களே! இன்னொரு தடவை சொல்லுங்க!"

அண்ணி நேரம் குறித்துக்கொடுத்துவிட்டு வைத்தாள்.

மதியத்துக்குள் இன்னும் சில பேர். ஒருவர் "நல்லா பண்றீங்க" என்று பாராட்டினார். ஒரு பையன் நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தான். மதியத்துக்கு மேல் கூப்பிட்டவர்தான் கோபக்காரர். கடைவாய்ப் பல் வலி. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

"ஏம்மா, நான் வலில துடிக்கிறேன், நீ டி.வி. பாத்துட்டு வந்து மிமிக்ரி பண்றியா?"

"மிமிக்ரி இல்லைங்க. நான் பேசுறதே இப்படித்தான்."

"யார்கிட்ட கதை விடுற? மேல இருக்கிறவங்களைக் கூப்பிடு."

பல் டாக்டர் அம்மாள் போனை வாங்கி, மன்னிப்புக் கேட்டு, அந்த ஆளை உடனே வரச் சொன்னாள். பிறகு அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். நல்ல மாதிரிதான். கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"உங்க மேல தப்பே இல்ல, எனக்குத் தெரியும். ஆனா வலியோட கூப்பிடுறவங்களுக்கு நாம விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியாதில்லையா? கொஞ்ச நாள் உள்ள இருங்க. கருவிகளைச் சுத்தம் பண்ற அறையில ஆள் குறைவா இருக்கு. இந்தத் தொடர் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

"தொடர் எப்போ முடியும்?"

டாக்டர் அம்மாளுக்கு அது தெரியவில்லை. இந்த மாதிரித் தொடர்கள் வருஷக்கணக்கில் ஓடுகிறவை.

மீதிப் பொழுதை அண்ணி உள்ளே கழித்தாள். கொதிக்கிற தண்ணீர், நீளமான இடுக்கி, ரப்பர் கையுறை. கண்ணாடிக் கதவு வழியாக வரவேற்பு மேஜை தெரிந்தது. புதிதாக உட்கார்ந்த பெண் போனில் பேசினாள். சத்தம் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் சின்னவன் வீட்டுக்குள் நுழைந்தபோது, அண்ணி சமையலறை மேஜையில் பழைய போர்வையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாலு அந்தப் பக்க அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

வேடம் உறுதியான பிறகு ரெண்டு மாசமும் அவன் அண்ணியோடு உட்கார்ந்தது இதே மேஜையில்தான். தினமும் சாயங்காலம், "அண்ணி, உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்களேன்" என்பான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சந்தோஷமாகச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

"அண்ணி, ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்க தம்பி."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சேனல், குரல்காரர், இயக்குநர் கேட்டது. அவள் ஒரு சட்டையின் கையை மடித்து நீவிக்கொண்டே கேட்டாள்.

"என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு அண்ணி. நாளையில இருந்து நான் வாயை மட்டும் அசைக்கணும், வேற எவனோ பேசுவான். நீங்க ரெண்டு நிமிஷம் பேசினா போதும்."

"என்ன பேசணும்?"

"எது வேணா. என்கிட்ட பேசினீங்களே, அந்த மாதிரி."

இஸ்திரிப்பெட்டி நின்றது. அதை எடுத்து நிமிர்த்திவைத்தாள்.

"உங்ககிட்ட என்ன பேசினேன்?"

"உங்க ஊரு. வீடு. அப்புறம்... அந்த ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரியில யார் இருந்தாங்க?"

சின்னவன் யோசித்தான். 'ஆஸ்பத்திரி' என்று அவள் சொன்ன விதம் அவனுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. முதல் எழுத்தை அழுத்தி, நடுவில் ஓடி, கடைசியை இழுத்து இறக்கியது. அதைக் குளியலறையில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான்! அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்த வார்த்தைகளும் ஓசையாக இருந்தன. ஆனால் அங்கே படுக்கையில் யார் கிடந்தார்கள் என்பது மட்டும் வரவில்லை.

"உங்க... அப்பா."

"என் தம்பி" என்றாள் அண்ணி. "நிஜத் தம்பி."



"அவனுக்கு என்ன ஆச்சு?" என்று அவளே கேட்டாள்.

சின்னவன் மடித்துவைத்த சட்டையைப் பார்த்தான்.

"அதையும் சொன்னேன், தம்பி. நீங்க கண்ணை மூடிட்டு இருந்தீங்க. உங்களுக்கும் துக்கமா இருக்குன்னு நினைச்சேன்."

"அண்ணி, நான்..."

"ஒண்ணு கேக்கணும். உங்க டாக்டர் எப்பவும் கடைசி வார்த்தைக்கு முன்னாடி நிக்கிறாரே, தொண்டையில ஏதோ மாட்டின மாதிரி. அதை எங்கே கேட்டீங்க?"

"நீங்க பேசறப்பதான் அண்ணி. உங்க உச்சரிப்புலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். ஜனங்களுக்கு அதோட அருமை தெரியல."

"இப்போ பேசிட்டிருக்கேன். அது இருக்கா?"

அவன் கேட்டான். ரெண்டு மாசத்தில் முதல் முறையாக, திருடுவதற்காக இல்லாமல் கேட்டான். வார்த்தையின் முடிவு இழுபட்டது, இறங்கியது. ஆனால் நிற்கவில்லை.

"வாலுவைத் திட்டறப்ப இருக்கா? கடையில பேசறப்ப?"

"இல்ல."

"அது எங்க ஊர்ப் பேச்சு இல்ல தம்பி. அழுதுடக் கூடாதுன்னு நிறுத்தினேன். அவன் செத்ததைச் சொல்லும்போது."

சின்னவனுக்கு ஒவ்வொரு காட்சியாக நினைவு வந்தது. டாக்டர் டீ கேட்கும்போது அப்படித்தான் நிறுத்துகிறார். கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லும்போது அப்படித்தான். குடை எங்கே என்று கேட்கும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு வரியிலும் ஒருவர் செத்துக்கொண்டே இருந்தால், பார்க்கிறவர்கள் எப்படி நம்புவார்கள்? தண்ணி கொடுங்கப்பா என்று எழுதினவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

அவள் அடுத்த துணியை எடுத்து விரித்தாள்.

"இந்த வீட்டுல என் பேச்சை யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்ல. உங்க அண்ணன் நல்லவர். ஆனா நான் பாதி சொல்றப்பவே 'புரிஞ்சுது, புரிஞ்சுது'ன்னு சொல்லிடுவார். நீங்க முழுசா கேட்டீங்க. அதனாலதான் சொன்னேன். அவர்கிட்டகூடச் சொல்லல."

"என்ன சொல்லல?"

வாசல் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். தோளில் கருவிப்பை. கையில் கிரீஸ். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என்னம்மா சொல்லல என்கிட்ட?"

"என் தம்பி செத்துட்டான்."

அண்ணனுக்குப் பையை இறக்கத் தோன்றவில்லை. "எந்தத் தம்பி? போன் பண்ணி என்னை 'மாமா மாமா'ன்னு கலாய்ப்பானே... அவனா? எப்போ?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

"ரெண்டு வருஷமாச்சா? ஏன்மா... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"உங்களுக்கு வேலை அதிகமா இருந்துச்சு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். போன் ஏன் வரலைன்னு நீங்களா கேக்கறப்ப சொல்லலாம்னு இருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க கேக்கல."

அண்ணன் ஊரில் எத்தனையோ மாடிகளில் லிஃப்டுக்குள் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவு திறந்து வெளியே கொண்டுவந்தவர். இப்போது எந்தப் பக்கம் கைவைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அண்ணி இஸ்திரிப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். "இன்னிக்கு என்னைப் போன்ல பேச வேண்டாம்னுட்டாங்க. நான் அந்த டாக்டரைக் கிண்டல் பண்றேனாம்" என்றாள், யாரையும் பார்க்காமல். மகள் இருந்த அறைக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

அதே நேரம் சின்னவனின் போன் அடித்தது. இயக்குநர்.

"என்னண்ணே, அண்ணி என்ன சொன்னாங்க? வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"நான் வேணா பேசிப் பாக்கவா?"

"வேண்டாம்பா. குரல்காரரையே வெச்சுக்கோ. அவர் பேசுறதுதான் சரி."

இயக்குநர் இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. "வருத்தப்படாதீங்கண்ணே. முகம் உங்களோடதுதானே" என்றான்.

சின்னவன் போனை வைத்தான். குரல்காரரின் குரலோடு டாக்டர் இனி வருஷக்கணக்கில் ஓடுவார், எல்லோரும் நம்புவார்கள். ஆனால் பல் மருத்துவமனைக்குப் போன் செய்கிறவர்கள், அந்தச் சில நாள் கேட்ட பேச்சை மறந்துவிடுவார்களா? அவனுக்குத் தெரியவில்லை. மறந்தாலும், அண்ணி மறுபடி அந்தச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எதையும் சொல்லப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

அண்ணியின் குரல்தான். ஆனால் அவள் தன் சொந்த மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். வாலு சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாலாட்டுவதற்குப் பேசினது. அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் அதைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. இழுவை இல்லை, தயக்கம் இல்லை. மடமடவென்று, ஏற்ற இறக்கத்தோடு, சாதுரியமான ஒரு பெண்ணின் பேச்சு. அந்தப் பெண்ணை இவர்கள் இருவருக்குமே தெரியாது.

வாலு இடையில் அதே மொழியில் தட்டுத்தடுமாறி ஏதோ கேட்டாள். பிறகு அழுதாள். அண்ணி மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்னடா பேசுறாங்க?" என்றார் அண்ணன், கிசுகிசுப்பாக.

"என்கிட்ட கேட்டா?"

"நீதானே ரெண்டு மாசம் உக்காந்து கேட்ட!"

கதவுக்கு வெளியே இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கே வேலை பார்த்தபோது பொறுக்கிய ஒன்றிரண்டையும் அண்ணன் எப்போதோ மறந்துவிட்டார்; இத்தனை வருஷத்தில் இருவருமே அந்த மொழியில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டதில்லை. தண்ணீருக்கு என்ன, சாப்பாட்டுக்கு என்ன, தம்பிக்கு என்ன, எதுவும் தெரியாது. புரியாத பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது.

'டிக்கெட்.'

அண்ணன் தம்பியைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய்," என்றார், "ஒரு டிக்கெட்டா, ரெண்டாடா?"